மலைநாட்டில் மதுவும் மீட்சியும்



மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், நல்லதண்ணி என்றோர் ஊர் உண்டு. மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரை யாத்திரிகர் கூட்டத்தால் அவ்வூர் இரவும் பகலும் விழித்திருக்கும். மற்றைய மாதங்களில் மழையும் மூடுபனியும் தேயிலைக் கொழுந்துமே அங்கு காட்சி. ஊரின் பெயர் நல்ல தண்ணீரைக் குறிக்கிறது. ஆயினும் நம் பேச்சு வழக்கில் ‘தண்ணி’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பதை நேயர்கள் அறிவீர்கள். அந்த இரண்டாவது தண்ணி மலைநாட்டுக்கு எவ்வாறு வந்தது? அதிலும், அதன் பின்வந்த புதிய போதைப் பொருள்களிலும் அகப்படும் வாலிபப் பிள்ளைக்கு உதவி தேடும் வழி எது? இவ்விரண்டையும் இன்று சற்றுச் சிந்திப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம் மக்கள் கங்காணிமாரின் பின்னே வந்து சேர்ந்தனர். அக்காலத்தில் சாராய விற்பனை அரசாங்கத்தின் பெரும் வருமானங்களுள் ஒன்று. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. அதிக பணம் கட்டியவர் குத்தகை எடுத்தார். கட்டிய பணத்தை மீட்க வேண்டுமானால் அவர் நிறைய விற்றாக வேண்டும். ‘தவறணை’ என்னும் சொல்லே ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்ததுதான். மலையில் குளிர், உடலில் அலுப்பு, கங்காணியிடம் கடன், பிறந்த மண்ணோ கடலுக்கு அப்பால். இத்தனை துன்பத்துக்கும் உழைப்பாளி கண்ட ஆறுதல் பல வேளைகளில் தவறணையின் திறந்த கதவு ஒன்றே. ஆகவே குடி நம் மக்களோடு கூடப் பிறந்த குணம் என்று எவரேனும் சொன்னால், அது வரலாறு அறியாத பேச்சு. அது கணக்குப் பார்த்து விற்கப்பட்ட சரக்கு.

1912ஆம் ஆண்டில் குத்தகை முறை கைவிடப்பட்டு, புதிய மதுவரிச் சட்டம் வந்தது. அதன்கீழ்ப் புதிய தவறணைகள் திறக்கப்படுவதை எதிர்த்து இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பொங்கி எழுந்தது. எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் அதில் முன்னின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைவாசமும் அனுபவித்தனர். எனினும் அவ்வியக்கத்தின் வேர் சிங்களக் கிராமங்களிலேயே ஆழ ஓடியது. தோட்டத்து லயங்களை அதன் குரல் அதிகம் எட்டவில்லை.

1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தார். மலைநாட்டுக்கும் சென்ற அவர், குடியை விட்டுவிடுமாறு தோட்டத் தொழிலாளரை வேண்டிக்கொண்டார். பத்தாண்டுகள் கழித்து, 1937இல், இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நம்மவரில் பலருக்குப் பூர்வீகமான மாவட்டம் அது. 1948க்குள் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது; 1971இல் அது தளர்த்தப்பட்டது. இம்முயற்சிகளை நாம் வணக்கத்தோடு நினைக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிலர் கடையை மூடச் சொன்னார்கள்; சிலர் குடிப்பவனுடைய மனவுறுதியைத் தட்டி எழுப்பினார்கள். பதினாறு வயதுப் பிள்ளையை எவரும் தனியே நோக்கவில்லை. ஏன்? தோட்டத்தில் அப்படியொரு பருவமே அன்று இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என்று மூன்று வகை வகுத்தது. பிள்ளைப் பருவத்திலேயே மலைக்கு வேலைக்குப் போனவன் பெயர் பதிந்தவுடன் பெரிய மனிதனாகி விட்டான். திருவிழாவிலும் இழவு வீட்டிலும் அவன் கையில் கிண்ணம் ஏறியபோது, அதை ஆண்மைக்கு அடையாளமாகக் கொண்டார்களே தவிர, ஆபத்துக்கு அறிகுறியாகக் காணவில்லை.

காலம் மாறியது. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டப் பாடசாலைகளும் அரசாங்கத்தின் பொறுப்பில் வரத் தொடங்கின. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. இத்தனை அலைகளுக்கும் நடுவே நன்மையொன்று விளைந்தது. பாட்டன் கொழுந்துக் கூடையோ மண்வெட்டியோ எடுத்த வயதில் பேரன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். குமரப்பருவம் என்பது மலையகத்துக்கு வந்து சேர்ந்த புதிய செல்வம்.

அச்செல்வத்தின் பின்னாலேயே புதிய ஆபத்தும் வந்தது. சாராயமும் கசிப்பும் போதாவென்று, புகையிலை கலந்த பாக்குப் பொட்டலம், கஞ்சா, வைத்தியர் சீட்டின்றி விற்கப்படும் மாத்திரைகள், ‘ஐஸ்’ என்னும் கொடிய இரசாயனம் ஆகியவை பிள்ளைகளைத் தேடி வருகின்றன. யாத்திரைக் காலத்தில் போதைப் பொருளுடன் வரும் இளைஞர் ஹட்டன் வழியில் பொலிஸாரிடம் பிடிபடும் செய்தியைப் பத்திரிகைகளில் காண்கிறோம். கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகளுள் சிலர் சம்பளத்தோடு ஒரு பழக்கத்தையும் சுமந்து வீடு திரும்புகின்றனர்.

இவ்வாபத்தை உலகம் நோக்கும் விதமும் மாறியிருக்கிறது. 1935இல் அமெரிக்காவில், குடியால் வாடிய இருவர் ஒருவருக்கொருவர் துணையாக நின்று தொடங்கிய தோழமைச் சங்கம் பல நாடுகளுக்கும் பரவியது. தமிழகத்தில், குடிப்பழக்கத்துக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அவர் நினைவாகவே 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் பெயரால் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவினார். குடி ஒரு நோய்; அது குடும்பம் முழுவதையும் பிடிக்கும் நோய்; ஆகையால் மனைவிக்கும் பெற்றோருக்குங்கூட ஆலோசனை வேண்டும் என்பது அங்கு கைக்கொள்ளப்பட்ட நெறி.

இலங்கையிலும் 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை சட்டத்தால் அமைந்தது. அச்சபை தலங்கம, பேராதனை முதலிய இடங்களில் சிகிச்சை நிலையங்களை நிறுவியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்க்கு மதுவும் புகையிலையும் விற்பதைத் தடுத்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டமோ, போதைக்கு அடிமையானவர் தாமாக விரும்பிச் சிகிச்சை பெறுவதற்கும், நீதிமன்றத்தின் கட்டளையால் அனுப்பப்படுவதற்கும் தனித்தனி வழி வகுத்தது.

இந்த வேறுபாடே இன்றைய பேச்சின் உயிர்நாடி. போதைப் பொருளை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமே, அதில் ஐயமில்லை. ஆனால் பழக்கத்திலிருந்து மீள உதவி கேட்பது குற்றமன்று. இது தெரியாமையால், பொலிஸுக்கும் ஊர்வாய்க்கும் அஞ்சிப் பெற்றோர் மறைக்கின்றனர்; பிள்ளையும் ஒளிக்கிறான்; அவ்வொளிவில் நோய் முற்றுகிறது. அடைத்து வைப்பதால் மட்டும் பிள்ளை திருந்துவதில்லை. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் அங்கிருந்து தப்பி ஓடியதை நாடு கண்டது. மதிலும் காவலும் மட்டுமே மருந்தாகா என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் நல்லதண்ணி லயமொன்றில் இருக்கும் தாய் என்ன செய்யலாம்? பிள்ளையின் உறக்கம் மாறுகிறதா, பாடசாலைக்குச் செல்லாமல் திரிகிறானா, வீட்டில் பணம் குறைகிறதா, பழைய நண்பரை விட்டு விலகுகிறானா என்று முதலில் கவனிக்கலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது. பல சேர்ந்து நீடித்தால் பேச வேண்டும். அவன் மயக்கத்தில் இருக்கும்போதோ, அயலார் முன்னிலையிலோ பேசுவதாற் பயனில்லை. தெளிந்த வேளையில், தனிமையில், அடியின்றி வசையின்றிக் கேட்க வேண்டும். அடுத்து, பிள்ளை மதிக்கும் ஒருவரை நாட வேண்டும். பாடசாலை ஆலோசனை ஆசிரியர், மருத்துவமாது, தோட்ட வைத்தியர் ஆகியோரில் ஒருவர் போதும். அங்கிருந்து அரசாங்க வைத்தியசாலைக்கு வழி பிறக்கும். 2017இல் திறக்கப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட புதிய கட்டடத்துடன் டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேறத் தயங்குவோர்க்குத் தொலைபேசியும் துணையாகும். கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. உளநல உதவிக்கு 1926.

முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. நாள்தோறும் நிறையக் குடித்து வந்தவனை அறையில் பூட்டித் திடீரென நிறுத்திவிட்டால், கை நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. மீண்டவன் மறுபடி ஒருமுறை வழுக்கினால், எல்லாம் வீண் என்று கைவிடவும் கூடாது. நீடித்த நோய்கள் பலவற்றில் நோய் திரும்பி வருவதுண்டு. அப்போது சிகிச்சையையும் திரும்பத் தொடங்குகிறோம். இதுவும் அப்படித்தான்.

இவ்வளவும் சொல்வது எளிது. ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. பிள்ளையை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் நாளில் தாய்க்குப் பெயர் விழாது, சம்பளம் போய்விடும். அங்கு போய்ச் சேர்ந்தாலும், மனத்திலுள்ளதைத் தமிழில் கேட்டறியும் ஆலோசகர் இருக்க வேண்டும். இவை தாயின் மனவுறுதியால் மட்டும் தீரும் குறைகள் அல்ல. வாரத்தில் ஒரு நாள் தமிழறிந்த ஆலோசகர் தோட்டத்துக்கே வருவதும், சிகிச்சைக்குப் போன நாளுக்குத் தாயின் சம்பளம் வெட்டப்படாதிருப்பதும் நிர்வாகமும் தொழிற்சங்கமும் அரசாங்கமும் மனம் வைத்தால் முடியக்கூடிய காரியங்கள்.

ஒரு காலத்தில் ஏலம் போட்டு, விலை பேசி, மலையேற்றிச் சரக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். மருந்தும் ஆறுதலும் அதே வாசலுக்கு வந்து சேர வேண்டும் என்று மலையக மக்கள் கேட்பது சலுகை அன்று; நியாயம். அந்த நியாயம் கிடைக்கும் வரையிலும், ‘உன்னை விட்டுவிட மாட்டோம்’ என்று பிள்ளையிடம் சொல்ல வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.