தடக் கட்டம் (டோட்டா)

தடக் கட்டம் என்பது டோட்டா வகை நிகழ்பட விளையாட்டுகளில் ஆட்டத்தின் முதற்பகுதி ஆகும். ஆங்கிலத்தில் இது லேனிங் எனப்படுகிறது. ஏறத்தாழ முதல் பத்து நிமிடங்கள் நீடிக்கும் இக்கட்டத்தில் இரு அணிகளின் வீரர்களும் லேன் எனப்படும் தடங்களில் பிரிந்து நின்று, பொன்னும் அனுபவப் புள்ளிகளும் சேர்க்கின்றனர். எதிரியை வீழ்த்துவதை விட, தான் வளர்ந்துகொண்டே எதிரியின் வளர்ச்சியைத் தடுப்பது இக்கட்டத்தின் முதன்மை நோக்கமாகும். இக்கட்டுரை பெரும்பாலும் வால்வ் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட டோட்டா 2 விளையாட்டை அடிப்படையாகக் கொண்டது.

ஆடுகளமும் தடங்களும்

டோட்டாவில் அணிக்கு ஐவர் வீதம் இரு அணிகள் மோதுகின்றன. ஆடுகளத்தின் கீழ் இடது மூலையில் ரேடியன்ட் அணியின் தளமும், மேல் வலது மூலையில் டயர் அணியின் தளமும் அமைந்துள்ளன. இரு தளங்களையும் மேல், நடு, கீழ் என மூன்று தடங்கள் இணைக்கின்றன. தடங்களுக்கு இடையே காடும், ஆடுகளத்தைக் குறுக்காகப் பிரிக்கும் ஆறும் உள்ளன. ஒவ்வொரு தடத்திலும் ஒவ்வோர் அணிக்கும் மூன்று காவற்கோபுரங்கள் உண்டு. தளத்தின் மையக் கட்டடத்தைக் காக்கும் இரண்டையும் சேர்த்து ஓர் அணிக்கு 11 கோபுரங்கள் உள்ளன.

ரேடியன்ட் அணிக்குக் கீழ்த்தடமும், டயர் அணிக்கு மேல்தடமும் பாதுகாப்பான தடங்களாகக் கருதப்படுகின்றன. கிரீப்கள் மோதிக்கொள்ளும் இடம் அவ்வணியின் முதற் கோபுரத்துக்கு அருகில் இருப்பதும், பயன்படுத்தத்தக்க காட்டு முகாம் பக்கத்திலேயே அமைந்திருப்பதும் இதற்குக் காரணங்கள் ஆகும். ஓர் அணியின் பாதுகாப்பான தடமே மற்ற அணிக்குக் கடினத் தடம் ஆகிறது. நடுத்தடம் மிகவும் குறுகியது. அங்கே பெரும்பாலும் ஒருவரே நிற்பதால் அனுபவப் புள்ளிகள் பங்கிடப்படுவதில்லை. எனவே அவர் மற்றவர்களுக்கு முன்பாக ஆறாம் நிலையை அடைந்து தன் தலையாய ஆற்றலைப் பெறுகிறார்.

பொன்னும் அனுபவமும்

கிரீப் எனப்படும் சிறு படையாட்கள் கணினியால் இயக்கப்படுபவர்கள். 30 நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு தடத்திலும் ஓர் அலையாகப் புறப்படுகின்றனர். தொடக்கத்தில் ஓர் அலையில் அருகிருந்து தாக்கும் மூவரும், தொலைவிலிருந்து தாக்கும் ஒருவரும் இருப்பர். ஒரு தடத்தில் முதல் பத்து நிமிடங்களில் 20 அலைகள், அதாவது ஏறத்தாழ 80 எதிரிக் கிரீப்கள் வருகின்றன. ஒரு வீரருக்குக் கிடைக்கக்கூடிய பொன்னின் எல்லையை இவ்வெண்ணிக்கையே பெரிதும் வரையறுக்கிறது.

கிரீப்பைக் கொல்லும் கடைசி அடியை அடித்தவருக்கே அதன் பொன் சேரும். இது லாஸ்ட் ஹிட் அல்லது இறுதி அடி எனப்படுகிறது. அனுபவப் புள்ளிகளோ அருகில் இருக்கும் வீரர்கள் அனைவருக்கும் பங்கிடப்படுகின்றன. ஆகவே தொடர்ந்து அடித்துக்கொண்டே இருப்பது திறமையன்று. கிரீப்பின் எஞ்சிய உயிர் தன் ஓர் அடியின் வலிமைக்குக் கீழே இறங்கும் நொடிவரை காத்திருந்து அடிப்பதே திறமை ஆகும். தாக்கும் அசைவின் வேகம் ஒவ்வொரு நாயகனுக்கும் வேறுபடுவதால், அதைக் கைப்பழக்கத்தால் அறிய வேண்டியுள்ளது.

மறுப்பு

தன் அணியின் கிரீப் பாதி உயிருக்குக் கீழே இறங்கிய பின், அதைத் தானே அடித்துக் கொல்லலாம். இது டினை அல்லது மறுப்பு எனப்படும். மறுக்கப்பட்ட கிரீப்பிலிருந்து எதிரிக்குப் பொன் கிடைக்காது. அனுபவமும் குறைவாகவே கிடைக்கும். உயிர் மிகவும் குறைந்த தன் கோபுரத்தையும் இவ்வாறு வீழ்த்தி, எதிரிக்குச் சேரவேண்டிய பரிசைக் குறைக்கலாம். டோட்டாவின் தடக் கட்டத்தைப் பிற விளையாட்டுகளிலிருந்து வேறுபடுத்தும் முதன்மையான கூறு இதுவாகும்.

கிரீப் சமநிலை

இரு தரப்புக் கிரீப்களும் சம வலிமை உடையவை. வீரர்கள் தலையிடாவிடில் அவை ஏறத்தாழ ஒரே இடத்தில் மோதிக்கொண்டிருக்கும். இந்நிலை கிரீப் சமநிலை எனப்படுகிறது. ஒருவர் எதிரிக் கிரீப்களை விரைவாகக் கொன்றால் அவருடைய அலை முன்னேறி எதிரியின் கோபுரத்தை நெருங்கும். இது வெற்றி போலத் தோன்றினாலும் உண்மையில் இழப்பே ஆகும். எதிரி தன் கோபுரத்தின் பாதுகாப்பில் நின்று கிரீப்களைக் கொல்வார். முன்னேறியவரோ பின்வாங்கும் வழி நீண்டு, சூழ்ந்து தாக்கப்படும் நிலையில் இருப்பார். புதியவர்கள் தடத்தை இழப்பதற்கு இது பொதுவான காரணமாகும்.

சமநிலையைத் தன் பக்கம் வைத்திருக்கப் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன:

* தடுத்து நடத்தல்: ஆட்டத் தொடக்கத்தில் தன் கிரீப்களின் முன்னே குறுக்கும் நெடுக்குமாக நடந்து அவற்றைத் தாமதப்படுத்துதல். இதனால் மோதும் இடம் தன் கோபுரத்தை நோக்கி நகர்கிறது. நடுத்தடத்தில் இதற்குக் கூடுதல் பயன் உண்டு. ஆற்றின் தாழ்நிலத்திலிருந்து மேட்டை நோக்கிச் செய்யப்படும் தொலைத்தாக்குதல்களுள் நான்கில் ஒரு பங்கு குறி தவறுவதால், மேட்டில் நிற்பவர் நன்மை பெறுகிறார்.
* இழுத்தல்: காட்டு முகாமில் உள்ள நடுநிலை உயிரினங்களைத் தாக்கித் தடத்தை நோக்கி ஓடிவரச் செய்தல். தன் அணியின் அலை அவற்றுடன் போரிடத் திரும்பிவிடும். எதிரி அலை தடையின்றித் தன் கோபுரத்தை நோக்கி வரும். எதிரிக்கோ அடிக்கக் கிரீப்கள் இரா.
* அடுக்குதல்: முகாம் காலியாக இருந்தால் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் புதிய உயிரினங்கள் தோன்றும். நிமிடம் முடியச் சில நொடிகள் இருக்கையில் பழையவற்றை வெளியே இழுத்துச் சென்றால், ஒரே முகாமில் இரு தொகுதிகள் சேரும். இது பின்னர் ஒரு வீரருக்குப் பெரும் பொன்னைத் தரும்.
* முகாமை அடைத்தல்: வார்ட் எனப்படும் கண்காணிப்புக் கருவியை முகாமின் எல்லைக்குள் நட்டால் அங்கே புதிய உயிரினங்கள் தோன்றா. எதிரி இழுப்பதைத் தடுக்க இது பயன்படுகிறது.
* கவனம் ஈர்த்தல்: அருகிலுள்ள எதிரி வீரரைத் தாக்குமாறு கட்டளையிட்டவுடன், எதிரிக் கிரீப்கள் கட்டளையிட்டவரை நோக்கித் திரும்பும். அவற்றைப் பின்னோக்கி அழைத்து வந்து பாதுகாப்பான இடத்தில் கொல்லலாம்.

உயிரும் பொருளும்

எதிரியைக் கொல்லாமலே அவருடைய உயிரைச் சிறிது சிறிதாகக் குறைப்பது தொல்லை கொடுத்தல் எனப்படும். உயிர் குறைந்தவர் கிரீப்பை அணுக அஞ்சி இறுதி அடிகளை இழப்பார். எனவே ஆட்டத் தொடக்கத்தில் கிடைக்கும் 600 பொன்னில் ஒரு பகுதியை உயிர் மீட்கும் பொருட்களுக்குச் செலவிடுவது வழக்கம். மரம் ஒன்றை விழுங்கி உயிர் மீட்க உதவும் டாங்கோ இவற்றுள் நன்கு அறியப்பட்டது. கடையிலிருந்து பொருட்களைச் சுமந்துவரும் கூரியர் முன்பு அணிக்குப் பொதுவாக இருந்தது. நவம்பர் 2019 இல் வெளியான 7.23 பதிப்பில் ஒவ்வொரு வீரருக்கும் தனிக் கூரியர் வழங்கப்பட்டதால், தடத்தை விட்டு அகலாமல் பொருள் பெறுவது அனைவருக்கும் எளிதாயிற்று.

வீரர்களின் பங்கீடு

ஐவரை மூன்று தடங்களில் பிரித்து நிறுத்துவதற்குப் பல முறைகள் உள்ளன.

* 2-1-2: பக்கத் தடங்களில் இருவர் வீதமும் நடுவில் ஒருவரும் நிற்பது. 2010களின் பிற்பகுதியிலிருந்து இதுவே பொது முறையாக உள்ளது.
* மூவர் தடம்: பின்னாளில் வலிமை பெறும் கேரி வீரரை இரு துணை வீரர்கள் பாதுகாப்பான தடத்தில் காப்பது. கடினத் தடத்தில் ஒருவர் தனித்து நிற்பார். 2010களின் முற்பகுதியில் தொழில்முறைப் போட்டிகளில் இது பரவலாக இருந்தது. எதிரியின் கேரியை ஒடுக்குவதற்காக மூவரைக் கடினத் தடத்துக்கே அனுப்புவதும் உண்டு.
* காட்டு வீரர்: ஒருவர் தடத்தில் நில்லாமல் காட்டு உயிரினங்களைக் கொன்று வளர்வது. டோட்டா 2 இல் இம்முறை பின்னர் அருகிவிட்டது.

இம்மூன்றிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: வரம்புக்குட்பட்ட பொன் யாரைச் சேர வேண்டும்? துணை வீரர்கள் தம் பங்கை விட்டுக்கொடுத்து, வார்ட்கள் வாங்குதல், இழுத்தல், எதிரிக்குத் தொல்லை கொடுத்தல் ஆகியவற்றைச் செய்கின்றனர். அவர்களின் பணி இறுதி அடிகளின் எண்ணிக்கையில் தெரிவதில்லை.

வரலாறு

தடங்களின் வழியே கிரீப்கள் செல்லும் அமைப்பு, ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டுக்காகப் பயனர்கள் உருவாக்கிய ஈயோன் ஆஃப் ஸ்டிரைஃப் என்னும் ஆடுகளத்தில் முன்பே காணப்பட்டது. இதைத் தழுவி 2003 இல் யூல் என்னும் புனைபெயர் கொண்டவர் வார்கிராஃப்ட் 3 விளையாட்டுக்காக டிஃபென்ஸ் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ் ஆடுகளத்தை உருவாக்கினார். அதன் ஆல்ஸ்டார்ஸ் பதிப்பை ஸ்டீவ் ஃபீக் வளர்த்தார். 2005 இலிருந்து ஐஸ்ஃபிராக் என்பவர் அப்பணியைத் தொடர்ந்தார். அடுக்குதல், இழுத்தல் போன்ற நுட்பங்கள் விளையாட்டு இயந்திரத்தின் நடத்தையைக் கூர்ந்து கவனித்த ஆட்டக்காரர்கள் வாயிலாகப் பரவி, பின்னர் விளையாட்டின் இயல்பான கூறுகளாக ஏற்கப்பட்டன.

கணினியுடன் போட்டி

ஆகஸ்ட் 2017 இல் சியாட்டிலில் நடைபெற்ற தி இன்டர்நேஷனல் போட்டியின்போது, ஓபன்ஏஐ நிறுவனத்தின் செயலி, டென்டி என அறியப்படும் உக்ரைன் வீரரை நடுத்தடத்தில் ஒருவருக்கொருவர் ஆட்டத்தில் வென்றது. இவ்வகை ஆட்டம் முழுவதும் தடக் கட்டமே ஆகும். தன்னுடன் தானே ஆடிக் கற்ற அச்செயலியை வேகத்தால் வெல்வது கடினமாக இருந்தது. ஆயினும், அதே நிகழ்வில் அதனுடன் ஆடிய சிலர், புறப்படும் எதிரிக் கிரீப்களின் கவனத்தை ஈர்த்துத் தம் பின்னே ஓயாது ஓடவைத்து அதைத் தோற்கடித்தனர். பயிற்சியில் காணாத இந்நிலையைச் செயலியால் எதிர்கொள்ள இயலவில்லை. கைவேகத்துக்கு நிகராகக் கிரீப்களின் நடத்தையைப் பற்றிய அறிவும் தடத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

கட்டத்தின் முடிவு

தடக் கட்டத்துக்கு வரையறுத்த முடிவு இல்லை. வெளிக் கோபுரங்கள் வீழ்வதும், ஆறாம் நிலையை அடைந்த வீரர்கள் பிற தடங்களுக்குச் சென்று தாக்கத் தொடங்குவதும் அதன் முடிவைக் குறிக்கின்றன. இடம்பெயர் சுருள்களைக் கொண்டு தன் அணியின் கட்டடங்களுக்கு விரைந்து செல்ல முடிவதால், ஒரு தடத்தில் நடக்கும் மோதல் மற்றத் தடங்களையும் பாதிக்கிறது.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உடன் ஒப்பீடு

2009 இல் ரயட் கேம்ஸ் வெளியிட்ட லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டிலும் மூன்று தடங்களும் இறுதி அடியும் உண்டு. ஆனால் மறுப்பு இல்லை. ஆகவே அலையை ஓரிடத்தில் உறையவைத்து எதிரியை அணுகவிடாமல் செய்வதே அங்கே மறுப்பின் இடத்தை நிரப்புகிறது. மேல்தடத்தில் ஒருவர், நடுவில் ஒருவர், காட்டில் ஒருவர், கீழ்த்தடத்தில் இருவர் என்னும் பங்கீடு 2011 அளவில் நிலைபெற்றது. தொழில்முறை அணிகள் எதிரியின் வலிமையான தடத்தைத் தவிர்க்கத் தடம் மாறி நிற்பதுண்டு. இதைத் தடுக்கும் விதிகளை 2025 இல் அந்நிறுவனம் விளையாட்டிலேயே சேர்த்தது.

விமர்சனம்

தடக் கட்டத்தில் பெற்ற சிறு முன்னிலை பொருளாகவும், பொருள் மேலும் பொன்னாகவும் மாறிப் பெருகுவதால், தோற்கும் அணி நெடுநேரம் நம்பிக்கையின்றி ஆட நேர்கிறது என்பது இவ்விளையாட்டுகள் மீதான பழைய குறையாகும். இதைச் சரிசெய்ய டோட்டா 2 இன் 6.82 பதிப்பில், 2014 இல், பின்தங்கிய அணி எதிரியைக் கொல்லும்போது கூடுதல் பொன்னும் அனுபவமும் பெறும் விதி கொண்டுவரப்பட்டது. இது தொடக்கத்தில் நன்கு ஆடியவர்களைத் தண்டிக்கிறது என எதிர்ப்பு எழவே, அடுத்தடுத்த திருத்தங்களில் அதன் அளவு குறைக்கப்பட்டது. தொடக்க உழைப்புக்கு உரிய பயன் இருக்க வேண்டும். அதே வேளையில் ஆட்டம் பத்தாம் நிமிடத்திலேயே முடிந்துவிடவும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலையை ஒவ்வொரு புதிய பதிப்பும் மீண்டும் தேட வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* டோட்டா 2
* லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்
* வார்கிராஃப்ட் 3
* மின் விளையாட்டுப் போட்டிகள்