கட்டற்ற மென்பொருள் பயனர் ஆதரவு

கட்டற்ற மென்பொருள் பயனர் ஆதரவு என்பது, ஒரு கட்டற்ற அல்லது திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு எழும் ஐயங்களையும் சிக்கல்களையும், அதே மென்பொருளின் பிற பயனர்களும் ஆக்குநர்களும் ஊதியமின்றித் தீர்த்து வைக்கும் முறை ஆகும். வணிக மென்பொருளை விலை கொடுத்து வாங்கியவர் அதை விற்ற நிறுவனத்திடம் முறையிடலாம். கட்டற்ற மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய விற்பனையாளர் இல்லை. க்னூ பொதுமக்கள் உரிமம் உள்ளிட்ட உரிமங்கள், மென்பொருள் எவ்வித உத்தரவாதமும் இன்றியே வழங்கப்படுகிறது என்று வெளிப்படையாகக் கூறுகின்றன. ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் கட்டணம் பெற்று ஆதரவு வழங்குகின்றன என்றாலும், மாணவர்களும் இல்லப் பயனர்களும் சார்ந்திருப்பது சமூகத்தையே.

தோற்றம்

இம்முறை கட்டற்ற மென்பொருள் இயக்கத்துடன் சேர்ந்தே பிறந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை 1983 செப்டம்பர் 27 அன்றும், லினசு டோர்வால்ட்சு தமது புதிய இயங்குதளம் பற்றிய செய்தியை 1991 ஆகத்து 25 அன்றும் யூசுநெட் செய்திக் குழுக்களிலேயே அறிவித்தனர். மென்பொருளை எழுதியவரும் பயன்படுத்தியவரும் அங்கு ஒரே இடத்தில் உரையாடினர். கேட்பவர் பெரும்பாலும் தாமே நிரலாளர் என்பதால், விடையளிப்பது பெருஞ்சுமையாக இருக்கவில்லை. 1993-இல் வணிக இணையச் சேவைகளின் வாடிக்கையாளர்கள் பெருமளவில் வரத் தொடங்கியபோது இச்சமநிலை குலைந்தது. ஒவ்வோராண்டும் செப்டம்பரில் புதிய மாணவர்கள் வந்து நெறிமுறை அறியாமல் கேட்பது வழக்கமாதலால், முடிவுறாத அவ்வருகை ‘நிலைத்த செப்டம்பர்’ எனப் பெயர் பெற்றது.

தமிழ்நாட்டில்

சென்னையில் இந்திய லினக்சு பயனர் குழுவின் கிளை 1998 முதல் இயங்கி வருகிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வானூர்திப் பொறியியல் துறையில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் அதன் கூட்டங்கள் நெடுங்காலம் நடைபெற்றன. கோயம்புத்தூரிலும் இத்தகைய குழு இருந்தது. உபுண்டு தமிழ்க் குழுமம் தமிழாக்கத்தோடு பயனர் உதவியையும் மேற்கொண்டது. 2012 சனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், ஒருவருக்குத் தனியே கூறப்படும் விடையை அனைவரும் படிக்கத்தக்க எளிய தமிழ்க் கட்டுரையாக மாற்றும் பணியைச் செய்தது. உதகமண்டலத்தில் வாழ்ந்த கென்னத் கொன்சால்வ்சு இத்துறையில் நன்கு அறியப்பட்டவர். 2012-இல் அவர் மறைந்தபின், இந்திய பைத்தான் மென்பொருள் சங்கம் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு விருதை வழங்கலாயிற்று.

பெருநகரத்திற்கு வெளியே நிலை வேறாக இருந்தது. ஈரோடு மாவட்டத்திலுள்ள சென்னிமலை போன்ற நெசவு ஊர்களில் இருந்த ஆர்வலர் ஒருவருக்கு, மென்பொருளைப் பெறுவதே முதற் சிக்கல். 2000-களில் தொலைபேசி வழி இணையத்தில் ஒரு குறுவட்டின் உள்ளடக்கத்தைத் தரவிறக்குவது ஏறத்தாழ இயலாத செயல். எனவே கணினி இதழ்களுடன் வந்த குறுவட்டுகளும், உபுண்டு திட்டம் 2011 வரை உலகெங்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்பிய குறுவட்டுகளுமே வழியாயின. நிறுவியபின் இணக்கி வேலை செய்யாவிட்டால் இணையமே இல்லை. இணையம் இல்லாவிட்டால் உதவி கேட்கவும் இயலாது. இந்த முட்டுச்சந்தை உடைத்தவை நேரடிக் கூட்டங்களும் நிறுவல் விழாக்களும்தான். பெருந்துறையில் 1984-இல் தொடங்கப்பட்ட கொங்கு பொறியியல் கல்லூரி போன்ற கல்லூரிகள் பெருகியிருந்த கொங்கு நாட்டில், அருகிலுள்ள கல்லூரி மாணவர் ஒருவரே பலருக்கு இயல்பான ஆதரவு மையமாக இருக்கக்கூடியவர்.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது இத்தேவை பன்மடங்கானது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன், சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாசு லினக்சும் இருந்தது. ஆங்கில வழிகாட்டிகளைப் படித்துப் பழகாத சிற்றூர் மாணவர்களின் கைகளுக்குக் கட்டற்ற இயங்குதளம் சென்று சேர்ந்தது. ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்பது அதனுடன் வரவில்லை. கருவி வழங்கும் திட்டங்கள் பொதுவாக மறந்துவிடும் பகுதி இது.

செயற்படும் முறை

நல்ல வினாவில் மென்பொருளின் பதிப்பு, பயனர் செய்த செயல், அவர் எதிர்பார்த்தது, உண்மையில் நிகழ்ந்தது, திரையில் தோன்றிய பிழைச்செய்தி ஆகியவை இருக்க வேண்டும். பிழைச்செய்தியைத் தம் சொற்களில் சுருக்கிக் கூறாமல் எழுத்து மாறாமல் தருவது முக்கியம். ஆதரவாளர்கள் அச்சொற்றொடரைக் கொண்டே தேடுகின்றனர். எரிக் ரேமண்டு 2001-இல் எழுதிய, வினவும் முறை பற்றிய வழிகாட்டி இவற்றைத் தொகுத்துரைக்கிறது. புதியவர்களின் முகத்தில் அதை வீசியெறிவோரும் உண்டு என்பது வேறு செய்தி.

வினா வந்ததும் அது மூன்றில் ஒன்றாகப் பிரிக்கப்படுகிறது. பயனரின் அறியாமையால் எழுந்ததாயின் விளக்கம் போதும். வழங்கலின் பொதியாக்கத்தில் உள்ள குறையாயின் அவ்வழங்கலின் பராமரிப்பாளரிடம் செல்ல வேண்டும். மூல மென்பொருளின் வழுவாயின் அதன் ஆக்குநருக்கு அறிக்கையாக வேண்டும். இந்தப் பிரிப்பு ஒழுங்காக நடைபெறாதபோது ஆக்குநர்கள் தமக்குத் தொடர்பில்லாத முறையீடுகளில் மூழ்குகின்றனர். மெய்யான வழுக்களோ எவர் கண்ணிலும் படாமல் போகின்றன. ஒரே வழுவைப் பலர் வெவ்வேறு சொற்களில் கூறியிருப்பதைக் கண்டு ஒன்றிணைப்பவரின் உழைப்பு வெளியே தெரிவதில்லை. ஆயினும் இதில் மிக மதிப்புள்ளது அதுவே.

விடை பொதுவில் அளிக்கப்பட வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லாத் திட்டங்களிலும் உள்ள விதி. தனிமடலில் தரப்படும் விடை ஒருவருக்கே பயன்படும். தவறானால் திருத்துவாரும் இல்லை. புதியவர்களைக் கோப்புகள் அனைத்தையும் அழிக்கும் கட்டளைகளை இயக்கச் சொல்லி ஏமாற்றிய நிகழ்வுகள் பல சமூகங்களில் நேர்ந்துள்ளன. பொதுவிடத்தில் அத்தகைய ‘உதவி’ விரைவில் அம்பலமாகிவிடும்.

தமிழில் ஆதரவு

தமிழில் உதவுவதற்குத் தனி இடர்ப்பாடுகள் உள்ளன. ஒருங்குறி நிலைபெறுமுன் திசுக்கி, தாப், தாம் எனப் பல குறிமுறைகள் வழங்கியதால், வினாவே படிக்க இயலாத எழுத்துக் குவியலாக வந்து சேர்வது உண்டு. எழுத்துரு உடைதலும் விசைப்பலகை அமைப்பும் நெடுங்காலம் அடிக்கடி கேட்கப்பட்டவை. 2010 சூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபின் இவை படிப்படியாகக் குறைந்தன.

கலைச்சொல் மற்றொரு தடை. தமிழ் இடைமுகத்தைப் பயன்படுத்துபவர் கூறும் பட்டியின் பெயரை, ஆங்கில இடைமுகத்தில் பழகிய ஆதரவாளர் அடையாளம் காண மாட்டார். ஒரே சொல்லுக்கு ஒரு திட்டத்தில் ஒரு பெயரும் மற்றொன்றில் வேறொன்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டின் கணினி இலங்கையில் கணனி ஆகிறது. இக்குழப்பத்தால் ஆர்வத்துடன் தமிழ் இடைமுகத்தை நிறுவியவரே உதவி தேவைப்படும்போது ஆங்கிலத்துக்குத் திரும்புகிறார். பேச்சுத் தமிழில் கேட்கப்படும் வினாவின் நடையைத் திருத்துவதில் காலம் கழிப்பதும் கேட்பவரை விரட்டிவிடும்.

நடத்தை நெறியும் தன்னார்வலர் சோர்வும்

‘கையேட்டைப் படி’ என்னும் கடுஞ்சொல் ஒரு காலத்தில் லினக்சு சமூகத்தின் அடையாளமாகவே இருந்தது. 2004-இல் வெளிவந்த உபுண்டு தொடக்கத்திலேயே நடத்தை நெறியை வகுத்துக்கொண்டு இதினின்று விலகியது. அதன் விரைவான பரவலுக்கு இதுவும் ஒரு காரணம். டெபியன் 2014-இல் நடத்தை நெறியை ஏற்றது. லினக்சு கருவகத் திட்டம் 2018 செப்டம்பரில் ஏற்றது. அப்போது டோர்வால்ட்சு தமது கடுமையான மடல்களுக்காக மன்னிப்புக் கோரிச் சில காலம் விலகியிருந்தார்.

கடுமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. இலவசமாகப் பெற்ற மென்பொருளுக்கு உடனடித் தீர்வை உரிமையாகக் கோரும் பயனர்கள் தன்னார்வலர்களைச் சோர்வுறச் செய்கின்றனர். இதன் விளைவு எவ்வளவு பாரதூரமாக இருக்கலாம் என்பதை எக்சு-இசட் நிகழ்வு காட்டியது. அந்தத் தரவுச் சுருக்க மென்பொருளை லாசே காலின் என்பவர் ஏறத்தாழத் தனியொருவராகப் பராமரித்து வந்தார். 2022-இல், இணைப்புகள் ஏற்கப்படத் தாமதமாவதாகச் சில கணக்குகள் அவரை இடைவிடாது நெருக்கின; அவர் தமது நீண்டகால மனநலச் சிக்கல்களைக் குறிப்பிட்டு விடையளித்தார். நெருக்குதலுக்குப்பின், உதவ முன்வந்த சியா டான் என்ற பெயருடையவர் பராமரிப்பாளர் பொறுப்பைப் பெற்று, பின்னர் மென்பொருளில் மறைவான பின்கதவு ஒன்றைப் புகுத்தினார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெசு பிராயிண்டு என்ற நிரலாளர் சேய்மை நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆராயப் புகுந்து அதைக் கண்டறிந்தார். முறையிட்ட கணக்குகளும் அச்சதியின் பகுதி என்றே பரவலாகக் கருதப்படுகிறது.

விடைகளின் ஆயுள்

சேர்த்து வைக்கப்பட்ட விடைகளே ஆதரவுச் சமூகத்தின் சொத்து. தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் 2000-களில் பெரிதும் பயன்படுத்திய யாகூ குழுமங்களின் உள்ளடக்கம் 2019 டிசம்பரில் நீக்கப்படலாயிற்று. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. தனிப்பட்டோர் படியெடுத்து வைத்தவை தவிர ஏனையவை மறைந்தன. அண்மைக் காலத்தில் பல திட்டங்கள் உதவியை டெலிகிராம், டிசுகார்டு போன்ற உரையாடல் செயலிகளுக்கு மாற்றியுள்ளன. அங்கு விடை விரைவில் கிடைக்கிறது. ஆனால் பொதுத் தேடுபொறிகள் எட்டாததால், அதே வினா அடுத்த வாரம் மீண்டும் கேட்கப்படுகிறது. பழைய விடைகளைக் காப்பதிலும் ஓர் இடர் உண்டு. காலாவதியான பதிப்புக்குரிய வழிமுறையைப் புதிய கணினியில் பின்பற்றினால் இயங்குதளமே பழுதாகலாம். ஆதலால் விடையுடன் நாளையும் பதிப்பு எண்ணையும் குறிப்பதை ஆதரவாளர்கள் வலியுறுத்துகின்றனர்.