காணாமற்போன இருபத்தைந்து நிமிடங்கள்

1927ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, பேர்லின் நகரின் ஊஃபா பலாஸ்ட் திரையரங்கில் 'மெட்ரோபொலிஸ்' என்னும் பேசாப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதே ஆண்டில் கொழும்பிலே, இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் 27ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இவற்றுக்கிடையே யாதொரு தொடர்பும் இல்லைத்தான். ஆயினும் ஊவா மாகாணத்துத் தோட்டமொன்றில் லயத்தின் வாசலில் இருந்து மேட்டிலுள்ள துரை பங்களாவை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எவரும், அந்தப் படத்தை வெறும் விஞ்ஞானக் கற்பனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கதை எளிமையானது. எதிர்காலத்தில் ஒரு மாநகரம். மேலே வானளாவிய மாளிகைகள், விளையாட்டு மைதானங்கள், பூங்காக்கள். கீழே, நிலத்துக்கு அடியில், இயந்திரங்கள். அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருப்பு. சங்கு ஊதுகிறது, தலை குனிந்த மனிதர்கள் ஒரே அடியெடுத்து வேலைக்குப் போகிறார்கள், இன்னொரு வரிசை அதே தலைகுனிவோடு திரும்பி வருகிறது. அங்குள்ள கடிகாரத்தில் பத்து மணித்தியாலங்கள்தான் உண்டு. ஒரு சுற்று முடிந்தால் ஒரு வேலைநேரம் முடிந்தது. நகரத் தலைவனின் மகன் பிரெடர் தற்செயலாகக் கீழே இறங்கிப் பார்த்து அதிர்ந்து போகிறான். மரியா என்ற பெண் தொழிலாளருக்குப் பொறுமை போதிக்கிறாள். ரொட்வாங் என்னும் விஞ்ஞானி அவளுடைய உருவத்தில் ஓர் இயந்திரப் பெண்ணைச் செய்து தொழிலாளர் நடுவே ஏவி விடுகிறான். கலகம், வெள்ளம், கடைசியில் சமாதானம்.

நமது தோட்டங்களில் சங்குக்குப் பதில் விடியற்காலையில் தப்பொலி. பெரட்டுக்களத்தில் வரிசை. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 முதல் நடைமுறைக்கு வந்த சம்பளம், உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அதற்கு ஒன்பது மணித்தியால வேலை. பிரிட்ஸ் லாங் தன் தொழிலாளருக்குக் கொடுத்த கடிகாரத்தைவிட ஒரு மணித்தியாலம் குறைவு என்று திருப்திப்பட்டுக் கொள்ளலாம்!

படத்தில் வரும் தொழிலாளி ஒருவனுக்கு ஜோர்ஜி என்று பெயர் உண்டு. ஆனால் அவனை எல்லாரும் அறிந்திருப்பது 11811 என்ற எண்ணால். இந்த எண்ணைத் திரையில் கண்டபோது எனக்குத் தகரத் துண்டு நினைவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தமிழகத்துக் கிராமங்களில் இருந்து புறப்பட்ட நம் முன்னோர், மாவட்டத்துக்குரிய எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு தகரத் துண்டைக் கொண்டே தோட்டம்வரை அனுப்பப்பட்டார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அது அவர்கள் தலையில் கடனாக இறங்கும். ஒரு தோட்டத்தை விட்டு மற்றத் தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் கடன் விபரம் எழுதிய 'துண்டு' வேண்டும். அந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பெர்லின்காரர் கற்பனையில் கண்டதை நம்மவர் கழுத்தில் கட்டிக்கொண்டு கப்பலேறியிருக்கிறார்கள்.

இந்த 11811ஐப் பற்றிய காட்சிகளிற் பெரும்பகுதி எண்பது ஆண்டுகளாக உலகத்துக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயம்.

முதற்காட்சியின்போது படத்தின் நீளம் 4,189 மீற்றர். ஏறக்குறைய 153 நிமிடங்கள். பதினேழு மாதங்கள் படப்பிடிப்பு நடத்தி, ஊஃபா நிறுவனத்தைக் கடனில் ஆழ்த்திய படம். பேர்லினில் ஒரேயொரு அரங்கில் சில மாதங்கள் ஓடியது; கூட்டம் வரவில்லை. அமெரிக்காவில் பரமவுன்ட் நிறுவனம் அதை நாடகாசிரியர் சானிங் பொலொக்கிடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னது. அவர் சுருக்கியது மட்டுமன்று, கதையின் முதுகெலும்பையே உருவிவிட்டார். நகரத் தலைவனும் விஞ்ஞானியும் ஒரே பெண்ணைக் காதலித்தவர்கள். அவள் பெயர் ஹெல். அவள் இறந்த துயரத்தில்தான் விஞ்ஞானி இயந்திரப் பெண்ணைச் செய்கிறான். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் நரகத்தைக் குறிக்கும் சொல்லைப்போல ஒலிக்கிறது என்று சொல்லி அவளை முற்றாக நீக்கிவிட்டார்கள். காரணம் போனபின் காரியம் மட்டும் மிஞ்சியது. ஜேர்மனியிலும் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெட்டப்பட்ட வடிவமே மீண்டும் திரைக்கு வந்தது. எச்.ஜி. வெல்ஸ் இதைப் படுமுட்டாள்தனமான படம் என்று ஏசினார். அவர் போன்றவர்கள் ஏசிய படம் எது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பிறநாட்டார் பார்த்தது முழுப் படத்தையல்ல.

நமக்கு இது புதிதல்ல. நான் சிறுவனாக இருந்த காலத்தில் தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு 16 மில்லிமீற்றர் புரொஜெக்டர் கொண்டுவந்து, வெள்ளை வேட்டிகளைத் தைத்துக் கட்டிப் படம் காட்டுவார்கள். சுருள் அறும், ஒட்டுவார்கள், ஒவ்வொரு ஒட்டிலும் சில அடிகள் போகும். கதாநாயகன் சிறையில் இருப்பான், அடுத்த கணம் கல்யாணப் பந்தலில் நிற்பான். இடையில் நடந்ததை எங்களுக்கு முந்திய தலைமுறையினர் சொல்லித் தருவார்கள், ஏனென்றால் அவர்கள் பார்த்தபோது அந்தக் காட்சி இருந்தது.

'மெட்ரோபொலிஸ்' படத்தின் இடைவெளியை நிரப்பவும் அப்படியொரு வாய்ச்செய்திதான் உதவியது. ஆர்ஜென்டீனாவின் திரைப்பட வரலாற்றாசிரியர் பெர்னாண்டோ பேன்யா, திரைப்படச் சங்கமொன்றின் பழைய நிர்வாகி சொன்ன கதையைக் கேட்டார்: அந்தப் படத்தைக் காட்டும்போது புரொஜெக்டர் ஆடாமல் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்ததாம். இரண்டு மணித்தியாலமா? உலகில் அப்போது புழங்கிய பிரதிகள் அவ்வளவு நீளமில்லையே! பேன்யாவின் சந்தேகம் அங்கே பிறந்தது. சுருளைப் பார்க்க அனுமதி கிடைக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. 2008இல் புவனோஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்துக்குப் பவுலா பெலிக்ஸ் டிடியர் இயக்குநராக வந்தார். இருவரும் சேர்ந்து தேடினார்கள், பெட்டி கிடைத்தது. அவ்வாண்டு ஜூலையில் 'டி சைற்' பத்திரிகை செய்தியை வெளியிட்டது. ஒரு பத்திரிகையாளன் வாழ்நாளில் ஒருமுறை எழுதக் கிடைக்கும் செய்தி அது. படித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

அந்தப் பிரதி வந்த வழி சுவையானது. அடோல்போ வில்சன் என்ற விநியோகஸ்தர், வெட்டுக்கு முந்திய பிரதியை ஆர்ஜென்டீனாவுக்குக் கொண்டு போனார். மனுவேல் பேன்யா ரொட்ரிகஸ் என்ற திரை விமர்சகர் அதைத் தன் சேகரிப்பில் வைத்தார். பின்னர் அது அரசுக் கைக்கு வந்தது. பழைய சுருள்கள் நைத்திரேற்றுப் படலத்தில் ஆனவை; எளிதில் தீப்பற்றும். அந்த அச்சத்தில் 16 மில்லிமீற்றரில் ஒரு நகல் எடுத்துவிட்டு மூலத்தைக் கைவிட்டார்கள். எடுத்தவர்கள் துடைக்காமலே எடுத்தார்கள். ஆகவே பழைய சுருளின் கீறல், எண்ணெய்க் கறை எல்லாம் நகலில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டன. படச்சட்டத்தின் ஓரமும் சிறிது வெட்டுப்பட்டது.

இதற்குமுன் நடந்த வேலைகளையும் சொல்லவேண்டும். மியூனிக் நகரில் என்னோ படாலஸ் 1980களில் பல நாட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு முறைப்படி செப்பனிட்டார். 1984இல் இசையமைப்பாளர் ஜோர்ஜியோ மொரோடர் வண்ணம் பூசி, ரொக் பாடல்கள் சேர்த்து வெளியிட்ட வடிவம் ஒன்று உண்டு. அதைப்பற்றி அதிகம் சொல்லாமல் விடுவது நலம். 2001இல் முர்னாவ் நிறுவனத்துக்காக மார்ட்டின் கேர்பர் செய்த 124 நிமிட வடிவமே முதலில் நல்ல டிவிடியாக நம் கைகளுக்கு வந்தது. அவ்வாண்டே யுனெஸ்கோ இப்படத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தொலைந்த காட்சிகள் வரவேண்டிய இடங்களில் விளக்க அட்டைகள் மட்டும் தோன்றும்.

எந்தக் காட்சி எங்கே வரவேண்டும் என்று எப்படித் தெரிந்தது? இரண்டு சாட்சியங்கள். ஒன்று, தணிக்கைச் சபையின் பதிவேடு. திரையில் தோன்றிய ஒவ்வொரு எழுத்துரையும் அதில் இருந்தது. வெட்டுவதற்காக வைத்த குறிப்பு ஒட்டுவதற்கு உதவியது. மற்றது, கொட்பிரீட் ஹுப்பெர்ட்ஸ் எழுதிய இசைக்குறிப்பு. எந்த அசைவுக்கு எந்தச் சுரம் என்று அதில் 1,028 இடங்களில் குறித்து வைத்திருந்தார்கள். நியூசிலாந்தில் இருந்த இன்னொரு பிரதியும் சில காட்சிகளைத் தந்தது. எல்லாம் சேர்ந்து 2010 பெப்ரவரி 12ஆம் திகதி பேர்லினில் திரையிடப்பட்டது; அவ்வாண்டு நவம்பரில் டிவிடியாகவும் புளூரேயாகவும் வெளிவந்தது. 148 நிமிடங்கள். கூடியது ஏறத்தாழ 25 நிமிடங்கள்.

இறுவட்டைப் போட்டுப் பார்ப்பவருக்கு அந்த 25 நிமிடங்களை யாரும் காட்டித் தரவேண்டியதில்லை. மழை பெய்வதுபோல் கோடுகள் விழும். படம் சற்றுச் சிறுத்துப் போகும். கணினியால் முடிந்தவரை துப்புரவு செய்த பின்னும் எஞ்சிய தழும்புகள் அவை. நேர்மையான வேலை. 11811 முதலாளி மகனின் உடையணிந்து காரில் ஏறி, நகரத்தின் கேளிக்கை விளம்பரங்களைக் கண்டு மயங்குவதும், ஒற்றன் ஒருவன் அவனைத் தொடர்வதும், ஹெல்லின் நினைவுச் சிலையும் அந்தக் கோடுகளுக்கிடையேதான் வருகின்றன. விஞ்ஞானியின் வெறிக்கு இப்போதுதான் காரணம் விளங்குகிறது.

ஆனால் முழுமையடைந்த படத்தின் முடிவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் நிற்கவேண்டும் என்கிறது படம். முதலாளியின் மகன் இருவர் கைகளையும் சேர்த்து வைக்கிறான். கதையை எழுதியவர் லாங்கின் மனைவி தியா வொன் ஹார்பு. பின்னாளில் இருவரும் பிரிந்தனர். அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். லாங் நாட்டை விட்டு வெளியேறினார். (அதே தியா, ஆயி தெண்டுல்கர் என்ற இந்தியரை இரகசியமாக மணந்தார் என்பது விசித்திரமான கிளைக்கதை.) துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்ற ஒருவரை மலையகம் நன்றாகவே அறியும். அவர் பெயர் பெரிய கங்காணி. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. அந்த நடுவர் ஆட்சியில் இதயத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதை நம் தாத்தாமார் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

ஊவாவில் நடந்த கலகத்துக்கு இப்படியொரு கைகுலுக்கல் வாய்க்கவில்லை. 1940 மே மாதத்தில் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கென்று ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையுடன் கலந்தே செயற்படத் துரை இணங்கினார். வந்த பொலிஸ் குழுவின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டதாக லெஸ்லி குணவர்தன சமசமாஜக் கட்சி வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறகு வந்த அடக்குமுறைக்குத் துணையாக வந்தது எது தெரியுமா? வெள்ளம். பாதைகள் அறுந்து ஊவா ஒரு கிழமைக்கு மேல் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. லாங் தம் படத்தில் வைத்த வெள்ளத்தை இயற்கையே இங்கு கொண்டுவந்து காட்டியது. எந்தக் கமராவும் அதைப் படம்பிடிக்கவில்லை.

தோட்டத்தைக் கமரா பார்க்காமலும் இல்லை. 1934இல் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் பேசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' உலகப் புகழ்பெற்ற விவரணப் படம். 1935இல் பிரசல்ஸில் முதற்பரிசு பெற்றது; பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் அதைப் பேணி டிவிடியாகவும் வெளியிட்டுள்ளது. நாற்பது நிமிடங்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் வந்து போகிறார்கள். அவர்கள் மேல் ஒலிப்பதோ வணிகர்களின் குரல்.

நாமே எடுத்தவை என்னவாயின? நூர்பாய் தயாரித்த இலங்கையின் முதற் பேசாப்படம் 'ராஜகீய விக்கிரமய' (1925) இந்நாட்டு மக்கள் பார்க்குமுன்பே எரிந்தது. தென்னகத்தின் முதற் பேசாப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. தென்னிந்தியப் பேசாப்படங்களுள் 'மார்த்தாண்ட வர்மா' (1933) எஞ்சியது ஒரு வழக்கினால். கதைக்கு உரிமை கொண்டாடிய புத்தக நிலையத்தார் சுருளைக் கைப்பற்றி வைத்திருந்தார்கள், 1974இல் பூனாவிலுள்ள ஆவணக் காப்பகம் அதை மீட்டது. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ கொளுத்தப்பட்டபோது சுருள்களும் எரிந்தன. அதே கிழமையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் எரிந்தன.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' 2008இல் கான் விழாவிலும், 'நிதானய' 2013இல் வெனிஸ் விழாவிலும் செப்பனிடப்பட்டுத் திரையேறின. மகிழ்ச்சிக்குரியது. மலையகத்தைக் கதைக்களமாகக் கொண்ட 'தோட்டக்காரி' (1963), வி.பி. கணேசனின் 'புதிய காற்று' (1975) ஆகியவற்றுக்கு அந்த அழைப்பு வரவில்லை. தம்பிஐயா தேவதாஸ் எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யில் அவற்றைப் பற்றி வாசிக்கலாம். கொழும்பிலும் பதுளையிலும் இறுவட்டுக் கடைகளில் அந்தப் படங்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்; கடைக்காரப் பையன்கள் பெயரைத் திருப்பிக் கேட்டார்கள்.

கனடாவிலோ லண்டனிலோ தமிழகத்திலோ வாழும் பழைய விநியோகஸ்தர், தியேட்டர் முதலாளி, ஒப்பரேட்டர் குடும்பங்களைச் சேர்ந்த வாசகர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பரணில் வட்டத் தகரப் பெட்டி கிடந்தால் வெயிலில் வைக்காதீர்கள், நெருப்பருகே திறக்காதீர்கள். மூடியைத் திறக்கும்போது புளித்த காடி மணம் வந்தால் அசிற்றேற்றுச் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். தாமதியாமல் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.