முள்ளும் சட்டமும்: வேகத்தை யார் அளப்பது?

வேகம் பற்றிய சட்டம் கருவியிலிருந்து தொடங்கவில்லை, மனிதக் காலிலிருந்து தொடங்கியது. 1865இல் பிரிட்டன் கொண்டுவந்த லோகோமோட்டிவ் சட்டம், சாலையில் ஓடும் இயந்திர வண்டிகளுக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்று வரம்பு வைத்தது. வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். மோட்டார் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கொடிக்காரனைப் பழமைவாதத்தின் கேலிச்சித்திரமாக்கிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்தச் சட்டத்துக்கு அளவுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. வண்டி நடப்பவனை நெருங்கினாலே மீறல் தெரிந்துவிடும். ஓட்டுபவர், போலீஸ்காரர், தெருவோரம் நிற்கும் கிழவி எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான். அது ஒரு கூலியாளின் உடம்பு.

1896 ஜனவரியில் கென்ட் பகுதியின் பாடக் வுட்டில் வால்டர் ஆர்னால்ட் என்பவர் 8 மைல் வேகத்தில் கார் ஓட்டிப் போனார். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். கொடி அதற்குள் விலக்கப்பட்டிருந்தது, ஆனால் முன்னால் நடக்கும் ஆள் விலக்கப்படவில்லை. ஆர்னால்ட் ஆள் வைக்கவும் இல்லை. வேகத்துக்கு 1 ஷில்லிங் அபராதம். அதே ஆண்டு இறுதியில் ஆளையும் எடுத்துவிட்டு வரம்பை 14 மைல் ஆக்கினார்கள். நடைமுறையில் அது 12 ஆயிற்று. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் அதை 20 ஆக உயர்த்தியது.

விஷயம் இங்கேதான் இருக்கு. 20 மைல் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒன்று அல்ல, அது வெறும் எண். உடம்பிலிருந்து கழன்றுவிட்ட இந்த அளவை யார் கையில் வைத்திருப்பது? கருவி இல்லாமல் போய்விடவில்லை. 1902இலேயே ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓட்டோ ஷுல்ட்சே சுழல் மின்னோட்ட வேகமானிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் காந்தம் தன்னைத் தொடாமல் இருக்கும் உலோகக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்துப் பிடிக்கும், இரண்டுக்கும் இடையில் முள் நிற்கும். எலக்ட்ரானிக் வரும்வரை நாம் பார்த்த ஸ்பீடாமீட்டர் பெரும்பாலும் இதுதான். ஆனால் 1903ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காரில் பொருத்தச் சொல்லவில்லை. வேகத்தைத் தண்டித்த சட்டம், வேகத்தை அறியும் வழியை ஓட்டுநருக்குக் கட்டாயமாக்கவில்லை. அறிவு புதர்வேலிக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு பதுங்கியிருந்த போலீஸ்காரரிடம் இருந்தது. அளந்து வைத்த தூரத்தைக் கார் எத்தனை விநாடியில் கடக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கே நீதிமன்றத்தில் உண்மை.

இதைச் சொல்லும்போது ஓட்டுநரை ஏதோ ஒடுக்கப்பட்டவராக்கிவிடக் கூடாது. அன்றைக்குக் கார் வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள். புதரில் பதுங்கியவர் குறைந்த சம்பளக் கான்ஸ்டபிள். மேட்டுக்குடியினர் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1905இல் ஆட்டோமொபைல் அசோசியேஷனை உண்டாக்கினார்கள். அதன் ஆட்கள் சைக்கிளில் சுற்றி, பொறி இருக்கும் இடத்தை உறுப்பினர்களுக்குச் சைகையால் காட்டிக்கொடுத்தார்கள். வேகமாக வருபவருக்கு இப்படி எச்சரிப்பது போலீசின் கடமைக்கு இடையூறு என்று 1910இல் பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில் ஆல்வர்ஸ்டோன் பிரபு தீர்ப்பளித்தார். சங்கம் உடனே சூத்திரத்தைத் தலைகீழாகத் திருப்பியது: எங்கள் ஆள் சலாம் வைக்காவிட்டால், வண்டியை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள். வைக்காத சலாமுக்கு எந்த நீதிபதி தண்டனை கொடுப்பார்? மௌனத்தை மொழியாக்குவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம் இந்த மோட்டார்க்காரர்களிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

1930இல் பிரிட்டன் கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துவிட்டது. 1934இல் மட்டும் சாலையில் 7,343 பேர் செத்தார்கள். நடந்து போனவர்கள் அதில் ஏராளம். 1935 மார்ச்சில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் வரம்பு வந்தது. 1937 அக்டோபர் முதல் பதிவாகும் கார்களுக்கு ஒருவழியாக வேகமானி கட்டாயமானது. ஷுல்ட்சேயின் காப்புரிமைக்கும் இதற்கும் இடையில் 35 ஆண்டுகள். ஓட்டுநருக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள் கிடைத்தது, உண்மைதான். ஆனால் இரண்டு முட்களும் சமமாகிவிடவில்லை. 1950இல் நிக்கலஸ் எதிர் பென்னி வழக்கில், போலீஸ் வண்டியின் வேகமானி சோதிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லாவிட்டாலும், ஒரே ஒரு அதிகாரியின் சாட்சியத்தோடு அந்த முள் சேர்ந்தால் தண்டிக்கலாம் என்றது நீதிமன்றம்.

முள் எவ்வளவு தப்பாகக் காட்டலாம் என்பதையும் சட்டம் பேசியாக வேண்டியிருந்தது. கருவி சாலையை அளப்பதில்லை, சக்கரத்தின் சுற்றை எண்ணுகிறது. தேய்ந்த டயரின் விட்டம் குறைகிறது. அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுகிறது. முள் கூடுதலாகக் காட்டுகிறது. பெரிய டயர் மாட்டினால் நேர்மாறு. 1975 ஜூனில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் வகுத்த விதியும், 1978இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39ஆம் ஒழுங்குவிதியும் ஒரே விடையைச் சொல்லின. முள் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது; கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் சேர்ந்த அளவுவரை. 100இல் ஓடும் காரின் முள் 114 காட்டினால் சட்டப்படி சரி. 99 காட்டினால் குற்றம். கண்காணிப்பும் தண்டனையும் பற்றிய ஃபூக்கோவின் நூல் வெளிவந்ததும் அதே 1975தான். தற்செயல். ஆனால் நம் நண்பர்கள் விடமாட்டார்கள்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இதைப் பார்த்ததும் உயர்வு நவிற்சி அணிதான் ஞாபகம் வந்தது. மிகைக்குச் சட்டமே எல்லை வகுத்து அனுமதி தருகிறது. அரசனைப் பாடிய பாட்டில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவருக்குத் தெரிந்திருந்ததுபோல, முள் கூட்டித்தான் காட்டும் என்று பழகிய ஓட்டுநருக்கும் தெரியும். அவரும் கழித்துக்கொண்டு கொஞ்சம் அழுத்துகிறார். இந்த மிகை யாரைக் காப்பாற்றுகிறது? நடந்து போகிறவரை ஓரளவு. உற்பத்தியாளரை முழுசாக. "முள் 50தானே காட்டிச்சு, எப்படி அபராதம்?" என்று யாரும் கம்பெனி வாசலில் போய் நிற்க முடியாது. ஆஸ்திரேலியாவில் முன்பு 40 கிலோமீட்டருக்கு மேல் 10 சதவீதம் இரு பக்கமும் பிசகலாம் என்றிருந்தது. 2006 ஜூலை முதல் புது மாடல்களுக்கு அங்கும் ஒரு பக்கம் அடைக்கப்பட்டது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. எண்ணெய் நெருக்கடியில், 1974இல், நாடு முழுவதற்கும் 55 மைல் வரம்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 1979 வாக்கில் புதுக் கார்களின் முகப்பில் 85 மைலுக்கு மேல் எண்களே இருக்கக் கூடாது என்றார்கள். எண்ணை அழித்தால் ஆசை அடங்கும் என்று நம்பினார்கள் போலிருக்கிறது. கார் 85ஐத் தாண்டி ஓடியது, முள் மட்டும் ஓரத்தில் முட்டி நின்றது. 1982இல் ரீகன் நிர்வாகம் அந்த விதியை நீக்கியது. துல்லியம் விஷயத்தில் அங்கே கூட்டாட்சி விதி வணிக வண்டிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது: 50 மைலில் ஓடும் லாரியின் முள் 5 மைலுக்கு மேல் பிசகக் கூடாது. சொந்தக் காருக்கு அப்படியொரு கூட்டாட்சிக் கட்டாயம் இல்லை. கூலிக்கு ஓட்டுகிறவரின் முள்ளைத்தான் அரசு அளந்து பார்க்கிறது.