களைக்கொல்லியும் ஆய்வுக்கூடச் சாட்சியும்

கோலா சாவா வட்டாரம் உட்பட நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியபோது, மருந்து அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தோளில் ஏறியது. தோட்டத்தில் மருந்து என்றால் அது களைக்கொல்லி. அவற்றுள் அதிகம் பேசப்பட்டது பாராகுவாட். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1962-இல் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. தோட்டத்து மக்களுக்குக் கிராமக்சோன் என்றால்தான் தெரியும். ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரலைக் கெடுத்து உயிரைப் பறிக்கக்கூடிய இதற்கு இன்றுவரை முறிமருந்து இல்லை.

சந்தேக மரணம் நேர்ந்தால் இரத்தமும் சிறுநீரும் மலேசிய இரசாயன இலாகாவின் ஆய்வுக்குப் போகும். சிறுநீரில் டைதயோனைட் கலந்தால் நீலமாகும் என்பது பழைய சோதனை. நஞ்சு இருக்கிறதா என்பதை அது காட்டிவிடும். எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வது திரவ குரோமடோகிராபி. பாராகுவாட் ஓர் உப்பு. சூடாக்கினால் ஆவியாகாமல் சிதைந்துவிடும். ஆகவே சாராயத்தைச் சோதிக்கும் வாயு முறை இதற்கு நேரடியாக ஒத்துவராது. திரவ முறையில், நுண்துகள் அடைத்த குழாய்க்குள் மாதிரியை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவருகிறது. புற ஊதா ஒளி அதை அளக்கிறது.

இதன் மூலம் 1903-இல் வார்சாவில் இருக்கிறது. மிகயில் சுவெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர், சுண்ணாம்புத்தூள் நிரப்பிய குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, அதன் பச்சையையும் மஞ்சளையும் தனித்தனி வளையங்களாகப் பிரித்துக் காட்டினார். இலையின் பச்சையை ஆராயப் பிறந்த வித்தை, பச்சையைக் கருக்கும் நஞ்சைக் கண்டுபிடிக்கப் பயன்படுவது விந்தைதான்! பிரிட்டனின் மார்ட்டினும் சிங்கும் இம்முறையை வளர்த்து 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உயர் அழுத்தக் கருவி 1960-களின் பிற்பகுதியில் உருவெடுத்தது.

ஆனால் கருவிக்கு மாதிரி வேண்டும், அதுவும் காலத்தோடு வேண்டும். உடலில் ஏறும் பாராகுவாட்டில் பெரும்பகுதி, சிறுநீரகம் நன்றாக இருந்தால், ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும். குடித்து இறந்தவர் வழக்கில் அறிவியல் சாட்சி சொல்லிவிடும். ஆண்டுக்கணக்காக மருந்து அடித்து நகம் நிறம் மாறி, மூக்கில் இரத்தம் கசிந்த பெண்ணின் வழக்கு அப்படியல்ல. 'பாதிப்பு மருந்தால்தான்' என்று அவர் சொல்லும் நாளில் இரத்தத்தில் தடயம் இருக்காது.

இந்தப் பெண்களின் நிலையைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. 2006-இல் அதைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். அதற்குள் முதல் தலைமுறை மருந்தடிப்புப் பெண்களில் பலர் வேலை ஓய்வு பெற்றுத் தோட்டத்தை விட்டே போயிருந்தார்கள்.