ஐப்பசியில் வரும் பருந்துகள்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை பத்து மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போனால், சிறுமலைப் பக்கமோ மலைக்கோட்டைப் பக்கமோ சில பறவைகள் வட்டமடிப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் வருடம் முழுக்க நம்மோடு இருக்கும் கரும்பருந்தும் செம்பருந்தும்தான். ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரை அவற்றுக்கு நடுவே வெளியூர் விருந்தாளிகளும் உண்டு. மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் தெற்கே வரும் பூனைப்பருந்துகள், ஏரி, அணைகளில் மீனைக் கொத்திப் போகும் விராலடிப்பான், சிவப்பு வல்லூறு எனப் பல. இவை எங்கிருந்து வருகின்றன, எத்தனை வருகின்றன என்று மனிதர்கள் தெரிந்துகொண்டது சமீபத்தில்தான்.

பருந்து பார்க்கக் கூட்டம் கூடுவது நமக்குப் புதிதல்ல. திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட இரண்டு கழுகுகள் வருவதைப் பார்க்கத் தலைமுறை தலைமுறையாக மக்கள் ஏறியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களும் ஏறினார்கள். அங்குள்ள ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயரையும் செதுக்கிவிட்டுப் போனார்கள். (சுற்றுலாப் பயணிகளின் அந்தப் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது!) காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் தினமும் போய்வரும் பறவைகள் என்பது நம்பிக்கை. உண்மையில் அவை மஞ்சள்முகப் பாறு என்னும் கழுகு இனம். அதன் இந்திய வகையின் அறிவியல் பெயரில் நம் செஞ்சியே இருக்கிறது: ‘ஜிஞ்ஜினியானஸ்’.

1990களின் இறுதியில் அந்த இரண்டும் வருவது நின்றுபோனது. அதே காலத்தில் நாடு முழுக்கப் பாறுக் கழுகுகள் சரிந்துகொண்டிருந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்பது 2004இல் தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

நம் மாவட்டத்துப் பறவைகளை எழுத்தில் பதிந்த முன்னோடிகளில் ஒருவர் சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார். பழனி மலைப் பறவைகளின் பட்டியலை 1877இல் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் வெளியிட்டார். அந்த இதழை நடத்தியவர், பிறகு காங்கிரஸ் கட்சி தொடங்கக் காரணமாயிருந்த அதே ஆலன் ஆக்டேவியன் ஹியூம். கொடைக்கானல் பக்கம் இருக்கும் சிலம்பன் பறவை ஒன்று இன்றும் ஃபேர்பேங்க் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் காலப் பறவை ஆய்வு என்றால் கையில் துப்பாக்கிதான். சுட்டு, தோலை உரித்துப் பஞ்சடைத்து, பெயர் எழுதி வைப்பார்கள்.

சுடாமல் எண்ணும் முறைக்குப் பெயர்பெற்ற இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது. அங்கே ஒரு மலை முகட்டில் இலையுதிர் காலத்தில் தெற்கே போகும் பருந்துகளை ஆட்கள் வேடிக்கைக்காகச் சுட்டுக் குவித்தார்கள். ஒருவகைப் பருந்தைக் கொன்றால் 1929 முதல் அரசே 5 டாலர் பரிசும் கொடுத்தது. 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரவுன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். பிரவுன் அங்கே உட்கார்ந்து, கடந்து போன ஒவ்வொரு பருந்தையும் எண்ணி எழுதினார். கழுகுகளில் குஞ்சுப் பருவத்தவை 1935-39இல் 40 சதவீதம். 1955-59இல் 20 சதவீதம். ரேச்சல் கார்சன் 1962இல் டி.டி.டி. பூச்சிமருந்துக்கு எதிராக எழுதியபோது இந்தக் கணக்கு அவருக்குக் கைகொடுத்தது. இப்படி ஒரு நோட்டு திருக்கழுக்குன்றத்துக்கும் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

நம் நாட்டில் பெரிய திருப்பம் நாகாலாந்தில் வந்தது. கிழக்கு சைபீரியாவிலிருந்தும் வட சீனாவிலிருந்தும் தென்னாப்பிரிக்கா போகும் அமுர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பரில் தோயாங் நீர்த்தேக்கத்தில் இலட்சக்கணக்கில் இறங்கும். ஒரு பறவை 150 கிராம்தான் இருக்கும். 2012இல் அவற்றை வலைபோட்டுப் பிடித்துக் கொத்துக் கொத்தாக விற்றது வெளியே தெரிந்து உலகமே அதிர்ந்தது. ஊர்ச்சபைகளும் தேவாலயங்களும் வனத்துறையும் சேர்ந்து மறுவருடமே அதை நிறுத்தின. வலை போட்டவர்களுக்கு அது வருமானம். அதை விட்டுக்கொடுத்தது சாதாரண விஷயமில்லை. 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோகா, பங்தி என்று பெயரிட்டார்கள். தீபகற்ப இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடல் மேல் இடைநில்லாமல் பறந்து சோமாலியாவை அடையும் பாதை அப்போது தெளிவானது. கடல்மேல் போகும் தட்டான்கள்தான் வழியில் அவற்றுக்குச் சாப்பாடு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று மட்டும் சொல்லி வளர்ந்த நமக்கு இது புதுச் செய்தி.

நமக்கு இன்னும் நெருங்கிய கதை பூனைப்பருந்துடையது. அது இரவில் மரத்தில் அடையாது. புல்வெளியிலும் தரிசிலும் தரையிலேயே கூட்டமாக அடையும். வெட்டுக்கிளி, எலி, சிறு பறவைகள்தான் இரை. ‘அட்ரீ’ நிறுவனத்தின் டி. கணேஷும் எம்.பி. பிரசாந்தும் இந்தியா முழுக்க அவை அடையும் இடங்களில் எடுத்த கணக்குகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகளில் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்பதே அதில் தெரிந்தது. தரிசு என்று வருவாய்க் கணக்கில் எழுதப்படும் நிலம்தான் அதற்குப் படுக்கையறை. திண்டுக்கல்லைச் சுற்றி மானாவாரிக் காடுகள் பிளாட்டாக மாறும் வேகம் எல்லோருக்கும் தெரியும். நம்மைப் போன்ற குடியிருப்புகளும் அப்படி வந்தவைதான்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: பாறையும் தரையும் சூடாகி வெப்பக்காற்று மேலே எழும்பிய பிறகுதான் கழுகுகள் உயரம் ஏறும். ஆகவே ஒன்பதரைக்கு முன் போய்ப் பயனில்லை. பூனைப்பருந்து மட்டும் மாலை நாலரைக்கு மேல், வயல்வெளியில் தாழ்வாக, இறக்கையை ‘வி’ போல உயர்த்தி மிதந்து வரும். மாடிச் சாவியோடு ஒரு நோட்டும் காவலர் அறையில் இருக்கிறது. தேதி, நேரம், எத்தனை பறவை, எந்தத் திசை என்று எழுதினால் போதும், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.