பாத்திர வண்டி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவதுதான் தொழில். அண்டா, தவலை, கொப்பரை, ஜமக்காளம் எல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போய்த் திரும்பும். தாத்தா 1953-ல் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு பிக்கப் ஒன்று வாங்கினார். அதற்கு முன்பு கைவண்டிதான். மாட வீதியிலிருந்து மாம்பலம் வரை ஆள் இழுத்துப் போகும் வண்டியில் நாலு அண்டா வைத்தால் நிறைந்துவிடும். "பிக்கப்பில் ஒரு கல்யாணமே ஏறும்" என்பார் அப்பா. வேன்கார்டு என்ற பெயர் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. எங்களுக்கு அது பாத்திர வண்டி.

அது சென்னையிலேயே பூட்டிய வண்டி. சுதந்திரம் வந்த கையோடு தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து பாகங்களை வரவழைத்து இங்கே வேன்கார்டுகளைப் பூட்டியது. வண்டலூர்ப் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையை 1961-ல் வந்த ஹெரால்டை வைத்துத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியது வேன்கார்டின் எஞ்சின். 4 சிலிண்டர், 2088 சிசி. இதே எஞ்சின்தான் வயலில் உழுத சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. சிலிண்டரைக் கொஞ்சம் சிறிதாக்கி 1991 சிசியாக ட்ரையம்ஃப் டிஆர்-2 பந்தயக் காரில் வைத்தார்கள். 1985-ல் சென்னையில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற சொகுசுக் கார் வந்தபோது, ரோவரின் புதுப் பாணி உடம்புக்குள் உட்கார்ந்திருந்ததும் இந்தக் கிழட்டு எஞ்சின்தான். 1988-ல் அந்தக் காரும் நின்றுபோனது.

எங்கள் வண்டி அதற்கு ஒரு வருஷம் முன்பே ஓய்ந்துவிட்டது. காரணம் எஞ்சின் அல்ல, கல்யாணம் மாறியது. ஐம்பதுகளில் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாலு நாள் கல்யாணம் நடக்கும். பாத்திரமும் நாலு நாள் அங்கேயே கிடக்கும். பிறகு தி.நகரில் மண்டபங்கள் வந்தன. கல்யாணம் ஒன்றரை நாளாகச் சுருங்கியதில் வண்டிக்கு நடை கூடியது. அடையாறுக்குப் போவதென்றால், 1973-ல் திரு.வி.க. பாலம் திறக்கும்வரை, 1840-ல் கட்டிய எல்பின்ஸ்டன் பாலத்தின் மேல்தான். எதிரே பஸ் வந்தால் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதும் என்று அத்தை இப்போதும் சொல்வார். மார்கழியில் சபா கேன்டீன்கள், பங்குனியில் அறுபத்து மூவருக்கு நீர்மோர்ப் பந்தல். அப்புறம் மண்டபக்காரர்கள் சொந்தமாகப் பாத்திரம் வாங்கினார்கள். சமையல் கான்ட்ராக்டர்கள் எவர்சில்வரோடு வந்தார்கள். ஈயம் பூசிய பித்தளையைக் கேட்பார் இல்லை. 1987-ல் அப்பா வண்டியைக் கோட்டூர்புரத்தில் அத்தை வீட்டு ஷெட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு வந்தார்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஷெட்டுக்குள் புகுந்து பானட் வரை நின்றது. அதோடு முடிந்தது என்றே நினைத்தோம். நான்கு வருஷம் கழித்து அத்தை வீட்டைக் கொடுக்கப் போகிறார் என்றதும் என்னால் அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட முடியவில்லை. புதுப்பேட்டையில் ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன். எழுபதைத் தாண்டியவர். வந்ததும் எஞ்சினைப் பார்க்கவில்லை. பேட்டரி ஒயரைத்தான் பார்த்தார். "அம்மா, இதுல பாசிட்டிவ்தான் எர்த்து. இந்தக் காலத்துப் பசங்க மாத்திக் குடுத்துடுவாங்க. நான் இல்லாதப்ப யாரையும் தொட விடாதீங்க."

எஞ்சின் ஜாம். பிளக் ஓட்டைகளில் ஆயிலும் டீசலும் ஊற்றி மூன்று வாரம் ஊறவிட்டார். ஹேண்டில் அசையவே இல்லை. ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் இந்த எஞ்சினின் அருமை எனக்குப் புரிந்தது. இதில் ஒவ்வொரு சிலிண்டரும் தனி ஸ்லீவ். வெளிப்பக்கம் தண்ணீர் ஓடும். அரித்துப் போனால் உருவிவிட்டு வேறு போடலாம், பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இரண்டிரண்டு ஸ்லீவுக்கு அடியில் 8 என்ற எண்ணைப் போல ஒரு மெல்லிய தகடு உண்டு. அது சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிடும். உட்கார்ந்த பின் ஸ்லீவின் தலை பிளாக்கின் மட்டத்துக்கு மேலே அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு நிற்க வேண்டும். அதை அளந்து அளந்து மேஸ்திரி இரண்டு பகல் செலவிட்டார். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஜி.பி. ரோட்டில் பிரேக் வாஷர்கள் கிடைத்தன. ஸ்லீவ் மட்டும் பழைய டிராக்டர் சாமான் வைத்திருந்தவரிடமிருந்து வந்தது.

சீட்டுக்குப் பின்னால் அழுக்கை வாரும்போது ஒரு கரண்டி அகப்பட்டது. காம்பில் உளியால் வெட்டிய தாத்தாவின் இனிஷியல். வாடகைப் பாத்திரம் மாறிப்போகாமலிருக்க எல்லாவற்றிலும் பெயர் வெட்டுவது வழக்கம். அந்தக் கரண்டி எந்தக் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது நழுவியதோ.

டிங்கரிங் செய்ய வந்த பையன் பின்பக்கப் பெட்டியின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பட்டி போட்டுச் சமன் செய்துவிடலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். உள்பக்கம் முழுக்கப் பிறை பிறையாகப் பள்ளங்கள். உருட்டி ஏற்றிய அண்டாக்களின் விளிம்பு 34 வருஷம் இடித்து இடித்து உண்டாக்கியவை. அதை மூடினால் அது வேறு யாருடைய வண்டியோ ஆகிவிடும். துருவை மட்டும் சுரண்டி எண்ணெய் பூசினோம்.

2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தது. 50 வருஷம் கடந்திருந்தால் புதுப் பதிவுக்கு விஏ எழுத்துகளோடு தனி நம்பர், கட்டணம் 20,000 ரூபாய். படித்ததும் சந்தோஷப்பட்டேன். ஆனால் இருசக்கர வண்டியும் ஆளேற்றும் காரும்தான் அதில் வருகின்றன, அதுவும் வியாபாரத்தில் இல்லாதவை. சரக்கு ஏற்றிய வண்டிக்கு இடமில்லை. ஒரு மகாராஜாவின் காருக்குக் கிடைக்கும் மரியாதை இந்த ஊரின் அண்டாக்களைச் சுமந்த வண்டிக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாம்பலத்திலும் மந்தைவெளியிலும் எத்தனை பேருடைய தாத்தா பாட்டி கல்யாணச் சாப்பாடு இதில் ஏறிவந்த பாத்திரத்தில் வெந்திருக்கும்!

ரோட்டில் ஓட்ட முடியாது. அதனால் காம்பவுண்டுக்குள்ளேயே மேஸ்திரி ஹேண்டில் போட்டார். ஐந்தாவது சுற்றில் பிடித்தது. அத்தை திண்ணையிலிருந்து எழுந்து வந்து, பரணில் கிடந்த ஒற்றைப் பித்தளை அண்டாவை இறக்கச் சொன்னார். இரண்டு பேர் உருட்டி ஏற்றினோம். அது பக்கவாட்டில் சாய்ந்து, விளிம்பு ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.